நம் ஊர்களுக்கு வரலாறு எழுதுவோம்

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

"எந்த ஊர்?" என்பதே நம் நாட்டில் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது எழும் முதற் கேள்வி. பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்பது நம் வழக்கம். நாமும் பெருமையுடன் ஊர்ப்பெயரைச் சொல்கிறோம். ஆனால், "உங்கள் ஊரின் வரலாறு என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். பானிபட்டுப் போர்கள் மூன்றின் ஆண்டுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். நம் ஊர் ஏரிக்குக் கரை கட்டியவர் யார், அதன் மதகுக்கு அப்பெயர் எப்படி வந்தது, ஊரின் கீழ்க்கோடியில் இருக்கும் கல் எதற்காக நடப்பட்டது என்று கேட்டால் தெரியாது. வரலாறு என்பது டில்லியிலும் தஞ்சையிலும் நடந்தது, நம் ஊரில் நடந்தது வெறும் பிழைப்பு என்று எண்ணப் பழகிவிட்டோம்.

1749-ஆம் ஆண்டு ஆம்பூரில் நடந்த போரை நாம் எல்லோரும் பாடமாகப் படித்திருக்கிறோம். ஆற்காட்டு நவாபு அன்வாருத்தீன் அப்போரில் மாண்டார். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் வென்றனர். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்தப் போர் யாருடைய வயலில் நடந்தது? அந்த ஆண்டு அந்த வயலில் அறுவடை நடந்ததா? இக்கேள்விகள் பாடநூலில் இல்லை. இத்தகைய கேள்விகளைக் கேட்பதற்கென்றே வரலாற்றில் ஒரு துறை உண்டு. அதற்கு வட்டார வரலாறு என்று பெயர். ஆங்கில நாட்டில் அத்துறை நன்கு வளர்ந்துள்ளது. அங்கே அது வளர்ந்த முறையையும், நம் பாலாற்றங்கரை ஊர்களுக்கு அது எவ்வாறு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டு ஊரும் பாரிஷும்

டவுன்ஷிப் என்றதும் நமக்கு நெய்வேலியில் உள்ளதைப் போன்ற தொழிலாளர் குடியிருப்பு நினைவுக்கு வரும். ஆங்கில நாட்டுக் கிராமப்புறத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒன்றாக உழுது, ஒன்றாக மேய்ச்சல் நிலத்தை ஆண்டு, தங்களுக்கென ஒரு காவற்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்த சிற்றூரே அங்கு டவுன்ஷிப் எனப்பட்டது. நம் மொழியில் ஊர் என்று சொல்லிவிடலாம்.

பாரிஷ் என்பது வேறு. ஒரு தேவாலயத்துக்கும் அதன் குருவுக்கும் உட்பட்ட எல்லையே பாரிஷ். நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் இதனைப் பங்கு என்றும், சீர்திருத்தச் சபையினர் சேகரம் என்றும் வழங்குகின்றனர். பாரிஷ் எல்லைக்குள் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குச் சேரும்.

தென் இங்கிலாந்தில் பெரும்பாலும் ஓர் ஊருக்கு ஒரு பாரிஷ் என்று அமைந்தது. வட இங்கிலாந்தில் அவ்வாறில்லை. லங்காஷயர், யார்க்ஷயர் போன்ற பகுதிகளில் ஒரே பாரிஷுக்குள் பத்து, இருபது டவுன்ஷிப்புகள்கூட அடங்கியிருந்தன. காரணம் எளிது. அது மேடும் புல்வெளியுமான வளம் குறைந்த பூமி. மக்கள் தொகையும் குறைவு. ஒரு குருவைத் தாங்கும் அளவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேரவேண்டுமானால் எல்லையை அகலமாகப் போட்டாக வேண்டும். ஆகவே ஊர் சிறிதாகவும் பாரிஷ் பெரிதாகவும் அமைந்தன. மண்ணின் வளமே நிர்வாக எல்லையை வகுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

வேலூர், ஆம்பூர்ப் பகுதியிலிருந்து வரும் மாணவருக்கு இது புதிதன்று. நம் வருவாய்க் கணக்கில் ஒரு தாய்க்கிராமமும் அதனைச் சார்ந்த மஜராக்களும் இருக்கின்றன. ஜவ்வாது மலையடிவாரம் போன்ற மேட்டுப்பாங்கான இடங்களில் ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதைக் காண்கிறோம். நீர்வளமுள்ள இடங்களில் ஊர்கள் நெருங்கியும் எல்லைகள் குறுகியும் இருக்கின்றன. ஆங்கில நாட்டுக் கதையும் இதுதான்.

எழுதி வைத்த பழக்கம்

ஆங்கில நாட்டவரின் வட்டார வரலாறு வளர்ந்தமைக்கு முதற் காரணம் அவர்கள் எழுதி வைத்ததே. 1086-இல் வில்லியம் மன்னரின் ஆணைப்படி ஊர்தோறும் நிலம், ஏர், காளை, குடிகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஒரு பெரும் பதிவேட்டை உருவாக்கினர். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் குறித்துவைக்க ஆணையிட்டார். அந்தக் குறிப்பேடுகள் பல இன்றும் உள்ளன.

கேம்பிரிட்ஜில் 1964-இல் தொடங்கப்பட்ட ஓர் ஆய்வுக் குழு இவற்றில் 404 பாரிஷ்களின் பதிவேடுகளைக் கொண்டு ஆங்கில நாட்டின் முந்நூறு ஆண்டு மக்கள் தொகை வரலாற்றையே 1981-இல் எழுதி வெளியிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பதிவேடுகளிலிருந்து எண்களைத் திரட்டித் தந்தவர்களிற் பலர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர். ஊர்ப்பற்றால் முன்வந்த பொதுமக்கள். யாருடைய பெயரும் தெரியாத உழவர்களின் பிறப்பையும் இறப்பையும் கூட்டிப் பார்த்தபோது ஒரு நாட்டின் வரலாறு வெளிவந்தது.

இத்துறைக்குப் பல்கலைக்கழக மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ். 1948-இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில வட்டார வரலாற்றுக்கென ஒரு தனித் துறை அவரால் உருப்பெற்றது. வேலி, பாதை, வயலின் வடிவம் ஆகியவையும் ஆவணங்களே, அவற்றையும் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அறையில் அமர்ந்து ஏட்டை மட்டும் புரட்டுகிறவர் பாதி வரலாறே அறிவார். நடந்து பார்ப்பவரே மீதியையும் அறிவார்.

எல்லையும் ஏழையும்

பாரிஷ் என்றவுடன் அன்பும் அமைதியும் நிறைந்த ஓர் ஊரை நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே வரி தண்டிக் காப்பாற்ற வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் 'தன் ஏழை' யார் என்ற வினா உடனே எழுந்தது. 1662-இல் வந்த சட்டம் அதற்கு விடை கூறியது. புதிதாக வந்து குடியேறியவர் ஆண்டுக்குப் பத்துப் பவுனுக்குக் குறைந்த வாடகை வீட்டில் இருப்பாரானால், பிற்காலத்தில் ஊருக்குச் சுமையாகக் கூடும் என்று கருதி, நாற்பது நாளுக்குள் அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். வட பகுதியின் பெரிய பாரிஷ்களில் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் தன் ஏழைகளைத் தனியே பார்த்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி செய்தது.

விளைவு என்ன? பிறக்கப்போகும் குழந்தை தங்கள் ஊர்க் கணக்கில் ஏறிவிடக் கூடாதென்று நிறைமாதக் கர்ப்பிணிகளை வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவந்த நிகழ்ச்சிகள் அந்நாட்டு ஆவணங்களிலேயே காணப்படுகின்றன. 1697-இல், உதவி பெறும் ஏழைகள் தங்கள் சட்டைத் தோளில் அடையாள எழுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தனர். ஆகவே பாரிஷ் என்பது யாரைச் சேர்ப்பது என்பதற்கு மட்டுமன்றி, யாரை விலக்குவது என்பதற்கும் அமைந்த எல்லையாகும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

ஊர், நாடு, கோட்டம்

நம் முன்னோர் எழுதி வைக்கவில்லை என்பது தவறான கூற்று. அவர்கள் கல்லில் எழுதினர், செப்பேட்டில் எழுதினர், பின்னர் ஓலையிலும் தாளிலும் எழுதினர்.

தொண்டை மண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்களாகவும், கோட்டங்களை நாடுகளாகவும், நாடுகளை ஊர்களாகவும் பகுத்தது பழைய மரபு. ஆம்பூரில் கிடைத்த இரு நடுகற்கள் இதற்குச் சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் இருபத்தாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை அவை, அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம். படுவூர்க் கோட்டத்து மேலடையாறு நாட்டைச் சேர்ந்த ஆமையூர் மீது நுளம்பன் படை வந்தபோது, ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்த வீரரின் நினைவை அவை தாங்கியுள்ளன. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். கோட்டம், நாடு, ஊர் என்ற மூன்று அடுக்கும் ஒரு நடுகல்லில் வந்துவிட்டன. ஆங்கில நாட்டின் கவுண்டி, ஹண்ட்ரட், டவுன்ஷிப் என்ற மூன்று அடுக்குக்கு இது ஒப்பாகும். நடுகல் என்றதும் செங்கத்தையே நினைக்கிறோம். தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் செங்கம் நடுகற்களைத் தனி நூலாகவே வெளியிட்டது. ஆனால் ஆம்பூர் மாணவர் தம் நடுகல்லைத் தம் ஊரிலேயே காணலாம்.

ஒரு காலத்தில் எல்லை வகுக்கும் முறையும் சுவையானது. திருவாலங்காட்டுச் செப்பேடு போன்ற சோழர் ஆவணங்களில், ஓர் ஊரைத் தானமாக வழங்கும்போது பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்த செய்தி காணப்படுகிறது. ஆங்கில நாட்டிலோ ஆண்டுக்கொரு முறை ஊரார் திரண்டு பாரிஷ் எல்லையைச் சுற்றி நடப்பர். சிறுவர்களையும் உடன் அழைத்துச் சென்று எல்லைக் கல் வந்ததும் அவர்களைக் கல்லின் மீது மோதுவர், சில இடங்களில் பிரம்பால் அடிக்கவும் செய்வர். வலி மறக்காதல்லவா? எல்லையும் மறக்காது என்பது கணக்கு. நில அளவைப் படம் இல்லாத காலத்தில் அங்கே சிறுவனின் முதுகும் இங்கே யானையின் காலடியும் ஆவணமாயின.

ஊராட்சி என்றால் எல்லோரும் உத்திரமேரூரைக் காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்தக் குடவோலைக் கல்வெட்டுகள் பெருமைக்குரியவையே. ஆயினும் அது பிராமணர்களின் சபை என்பதையும், போட்டியிட நிலமும் வீடும் வேதக் கல்வியும் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே வேறொரு கல்வெட்டு உண்டு. வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் அது இருக்கிறது. காலம் விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் ஆட்சியில் 1425-26. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் என்ற வேறுபாடின்றிக் கூடி ஒரு தீர்மானம் செய்தனர். இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவது, பொன் கொடுத்தும் வாங்கியும் நடத்துவோர் அரச தண்டனைக்கும் சாதிவிலக்குக்கும் உரியவர் என்பது அத்தீர்மானம். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே திருமணத்தில் பணம் புகுவதைத் தடுக்க நம் வட்டாரத்தில் ஊர்க்கட்டு ஏற்பட்டது. அந்தக் கட்டு ஏன் நிலைக்கவில்லை என்பது வரதட்சணைக் காலத்தில் படிக்கும் நாம் ஆராய வேண்டிய பொருளன்றோ?

கோயில், பள்ளிவாசல், தேவாலயம்

பாரிஷுக்கு நம் வட்டாரத்தில் ஒப்பானது எது? ஒன்றன்று, பல என்பதே விடை. ஊரின் எல்லையம்மன் கோயில் ஒரு வகையில் பாரிஷ் தேவாலயத்தை ஒத்தது. வரி தண்டுவதும், காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்று விதிப்பதும் ஊர் என்பது எதுவென்று ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் நினைவூட்டும் செயல்களே. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் முஸ்லிம் மக்களின் மஹல்லா அமைப்பு பாரிஷை மேலும் நெருங்கி வருகிறது. ஒரு பள்ளிவாசல், அதைச் சார்ந்த தெருக்கள், ஜமாஅத்து நிர்வாகம், அடக்கத்தலம், எல்லாவற்றுக்கும் மேலாக நிக்காஹ் பதிவுப் புத்தகம். மணமக்கள், தந்தையர், சாட்சிகள் ஆகியோர் பெயரும் மஹர்த் தொகையும் அதில் வரிசையாக எழுதப்படுகின்றன. ஆங்கில நாட்டுப் பாரிஷ் பதிவேட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவுடைய ஆவணம் நம்மிடம் இல்லை எனலாம். ஓர் ஊரின் தோல் வணிகர் குடும்பங்கள் எந்த ஊர்களோடு பெண் கொண்டும் கொடுத்தும் உறவாடின என்பதை அப்புத்தகங்களைக் கொண்டே அறியலாம். 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924-இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் தோன்றியதற்குப் பின்னணியில் இருந்த சமூகம் எது என்பதற்கும் அங்கே விடை கிடைக்கும்.

கிறித்தவ ஆலயங்களில் திருமுழுக்குப் பதிவேடுகள் உள்ளன. 1853-இல் ஸ்கட்டர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனும், ஆம்பூர்ப் பகுதியில் பணியாற்றிய லுத்தரன் மிஷனும், 1952-இல் அமைந்த வேலூர்க் கத்தோலிக்க மறைமாவட்டமும் விட்டுச்சென்ற, விட்டுச்செல்கிற ஏடுகள் பல. கல்வெட்டில் பெயர் ஏறாத குடும்பங்கள் முதன்முதலாக ஏட்டில் ஏறியது பெரும்பாலும் அவற்றில்தான்.

கர்ணம் கணக்கு

நில விவரத்துக்கு வருவோம். 1792-இல் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு நிலத்தை அளந்து குடிவாரியாகத் தீர்வை விதித்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவரே பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. இராஜதானி முழுவதும் பரவிய இரயத்துவாரி முறையின் தொட்டில் நம் பக்கம்தான்.

இங்கே ஆய்வாளர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். ஆம்பூர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அடுத்துள்ள வாணியம்பாடியோ 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. ஆகவே ஆம்பூருக்கு 1881-இல் காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மானுவலைப் பார்க்க வேண்டும். வாணியம்பாடிக்கு 1883-இல் லெபானு எழுதிய சேலம் மானுவலைப் பார்க்க வேண்டும். வட ஆற்காட்டுக்கே 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் காகிதங்கள்தாம் அலைகின்றன.

ஊரளவில் இந்தக் காகிதங்களைக் காத்தவர் கர்ணம். அடங்கல், சிட்டா, புல வரைபடம் எல்லாம் அவர் வீட்டுப் பெட்டியில். மணியக்காரர் என்ற கிராம முன்சீப்பிடம் பிறப்பு இறப்புப் பதிவு. தலையாரியும் வெட்டியானும் நடமாடும் ஆவணங்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். பரம்பரையாக வந்த இப்பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பிறப்பால் வரும் அதிகாரம் போனது நல்லதே. ஆனால் அந்த மாற்றத்தில் பல ஊர்களின் பழைய ஏடுகள் யார் பொறுப்பிலும் இல்லாமல் போயின. எங்கள் ஊரில் பழைய கணக்கு வீட்டுப் பரணில் கிடந்த ஓலைக்கட்டுகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். "எழுத்து யாருக்குப் புரிஞ்சுது? நல்லா எரிஞ்சுது" என்றார்.

அந்த எழுத்து புரிந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்குச் செங்கற்பட்டே சான்று. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அதற்கு மூலமான தமிழ்க் கணக்குகளைக் கொண்டு, ஊர் விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு, தச்சருக்கும் வண்ணாருக்கும் எவ்வளவு என்று பிரித்த விவரத்தை அறிஞர்கள் நம் காலத்தில் வெளியிட்டுள்ளனர். வட ஆற்காட்டுக்கும் பெருமை உண்டு. பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1918-இல் வெளியிட்ட கிராம ஆய்வு நூலில் இடம்பெற்ற ஊர்களுள் செய்யாறு பக்கத்துத் தூசியும் ஒன்று. தம் சொந்த ஊர்களுக்குச் சென்று விவரம் திரட்டி அவருக்குத் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஊரும் சேரியும்

இனி, ஒப்புமை முறியும் இடத்துக்கு வருகிறோம். ஆங்கில நாட்டுப் பாரிஷ் ஏழையை வெறுத்தது, விரட்டியது. ஆயினும் எல்லைக்குள் பிறந்தவன் அதன் பதிவேட்டில் இருந்தான். நம் ஊரோ தன் எல்லைக்குள்ளேயே இன்னோர் எல்லையைப் போட்டது. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியற்ற நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் ஒன்றாகவும், உழைக்கும் மக்களின் சேரிகள் வேறாகவும், அவர்களுக்கெனத் தனிச் சுடுகாடும் குறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்விலும் சாவிலும் இடம் பிரிக்கப்பட்டுவிட்டது. இன்றும் "ஊருக்குப் போறியா, காலனிக்குப் போறியா?" என்று கேட்கும் வழக்கம் நம் பகுதியில் ஒழியவில்லை.

ஆகவே ஊர் வரலாறு எழுதப் புகும் நாம், 'ஊர்' என்ற சொல்லுக்குள் யாரை வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது அதுவே. அந்நிலத்தைப் பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் ஊரில் அத்தகைய நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் கையில் உள்ளது என்று 'அ' பதிவேட்டைக் கொண்டு கண்டுபிடிப்பது ஒரு வரலாற்று ஆய்வு; அது ஒரு நீதி விசாரணையும் ஆகும்.

தோலும் தண்ணீரும்

நம் வட்டாரத்தின் தனித்தன்மை தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோல் பதனிடுவது பழைய கைத்தொழில். செத்த மாட்டின் தோலை உரிக்கும் வேலை சேரிக்கு விதிக்கப்பட்டிருந்தது. அதைக் காரணம் காட்டியே அவர்களை ஒதுக்கினர். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியது. பின்பு அப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே மேற்கே நீண்டது. பாலாற்றுத் தண்ணீர், மலையடிவார ஆவாரை, சென்னைத் துறைமுகத்துக்கு இரயில், வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் முதலீடு, சேரி மக்களின் உழைப்பு ஆகிய ஐந்தும் கூடித் தோல் தொழிலை வளர்த்தன. அரைப்பதனிட்ட தோலாக இங்கிலாந்துக்குப் போய், அங்கே பாரிஷ் பாரிஷாகச் செருப்பு தைத்த ஊர்களின் கைக்கும் அது சென்றது. 1970-களில் அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், முழுப்பதனிட்ட தோலும் காலணியும் இங்கேயே உருவாயின. இன்று நம் தோழியர் பலரின் தாய்மார்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய்வந்து ஈட்டும் கூலியில்தான் நாம் இக்கல்லூரியில் படிக்கிறோம்.

அதற்கு நிலம் கொடுத்த விலை வேறு. ஆவாரம்பட்டையின் இடத்துக்குக் குரோம் உப்பு வந்தது. கழிவு நீர் கானாற்றிலும் பாலாற்றிலும் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பு உதவியது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது.

எங்கள் ஊரில் ஒரு நிலத்துக்குக் கரும்புக்கொல்லை என்று பெயர். நான் பிறந்ததிலிருந்து அங்கே சீமைக்கருவேல் தவிர எதுவும் விளைந்து பார்த்ததில்லை. சிறுவயதில் அப்பெயரை ஏதோ கேலிப்பெயர் என்று எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு துறைப் பணிக்காக ஊர்ப் பெரியவர்களிடம் விவரம் திரட்டியபோதுதான், அங்கே ஒரு காலத்தில் ஆலை ஆடியதும், வெல்லம் காய்ச்சியதும், கிணறு உப்பானபின் ஒவ்வொருவராகக் கைவிட்டதும் தெரிந்தன. எந்தப் பதிவேட்டிலும் இக்கதை இல்லை. அந்நிலம் தரிசு என்று மட்டும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான் சாட்சி. சொன்ன பெரியவர்களுள் ஒருவர் இப்போது இல்லை.

நாம் செய்யக் கூடியவை

ஒரு கோடை விடுமுறை போதும். முதலில் ஊரை நடந்து சுற்ற வேண்டும். ஏரி, மதகு, கலிங்கல், ஊற்றுக்கால், எல்லைக்கல், நடுகல் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து பெயர்களைக் குறிக்க வேண்டும். வயல்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்களை விடாமல் எழுத வேண்டும். கணினியில் ஏறிய பட்டாவில் அப்பெயர்கள் இல்லை, எண்கள்தாம் உள்ளன.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்கள், தொடக்கப்பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றை உரிய அனுமதியுடன் பார்க்கலாம். எந்த ஆண்டு முதன்முதலாகச் சேரியிலிருந்து ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்தது, எந்த ஆண்டு முதல் பெண் குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்தது என்பவை பள்ளிப் பதிவேட்டில் கிடைக்கும். ஒரு பேரரசனின் பட்டாபிஷேகத்தைவிட அந்த ஆண்டுகள் நம் ஊருக்கு முக்கியமானவை. பள்ளிவாசல், ஆலய ஏடுகளை அவற்றின் பொறுப்பாளர்களின் இசைவு பெற்றுப் பார்க்க வேண்டும். தனியார் குடும்பச் செய்திகளை வெளியிடாமல் காப்பதும் ஆய்வாளரின் கடமை. மேல்விவரங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கடைசியாக, முதியவர்களிடம் கேட்க வேண்டும். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியை அழித்த செய்தி, கண்டவர்கள் மறைந்தபின்னும் பேரப்பிள்ளைகள் வாயில் வாழ்கிறது. எழுதியதையும் சொன்னதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். ஊர்ப்பெருமை பேசும் கதைகளில் எச்சரிக்கை வேண்டும். ஒரே கதையை ஊரிலும் காலனியிலும் தனித்தனியே கேட்டால் இரண்டு கதைகளாக இருக்கும். இரண்டையும் எழுதுவதே வரலாறு.

முடிவுரை

ஆங்கில நாட்டு ஊர்களின் வரலாற்றைப் பெருமளவில் எழுதியவர்கள் பள்ளியாசிரியர்கள், குருமார்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், இல்லத்தரசியர் ஆகியோரே. செல்போர்ன் என்ற ஒரே பாரிஷின் பறவைகளையும் பழமைகளையும் பற்றி 1789-இல் நூல் எழுதிய கில்பர்ட் ஒயிட் ஒரு சிற்றூர்க் குரு. அவர்களிடம் இருந்தது ஊர்ப்பற்றும் ஒரு குறிப்பேடுமே. நம்மிடமும் அவ்விரண்டும் இல்லாமலில்லை. அவர்களைவிட நமக்கு அவசரம் மட்டும் அதிகம். அவர்களுடைய பதிவேடுகள் பேழையில் பத்திரமாக உள்ளன. நம்முடையவை முதியவர்களின் நினைவில் இருக்கின்றன.

நம் கல்லூரியில் இந்த ஆண்டு பயிலும் மாணவர்கள் எத்தனை ஊர்களிலிருந்து வருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் ஊருக்குப் பத்துப் பக்கம் எழுதினால் போதும். பாலாற்றங்கரையின் வரலாறு நம் நூலகத்தில் ஓர் அலமாரியை நிரப்பும். பேராசிரியப் பெருமக்கள் அதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். நான் என் பத்துப் பக்கத்தைத் தொடங்கிவிட்டேன். முதற் பக்கத்தின் தலைப்பு, கரும்புக்கொல்லை.